அக்கா பார்க்கக் கூடாத ஓவர்கள்: சாரல் காலத்தில் தென்காசியில் மூன்று நாள்

எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று பார்க்க மட்டும் இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு, கொஞ்சம் கீழே இறங்கினால் அந்த விவரம் கிடைக்கும். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்தமுறை நான் தென்காசி போனது அருவிக்காக இல்லை. என் தங்கை சித்ராவுக்குத் துணையாகப் போனேன். போன மூன்று நாளும் அவளைப் பற்றிய கவலையிலேயே கழிந்தன. அதனால் இடையிடையே நான் புலம்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்ரா கிரிக்கெட் ஆடுகிறவள். இடது கை சுழற்பந்து. ஏழு சீசன் மாநில அணியில் இருந்தாள். அதெல்லாம் டிவியில் வராத ஆட்டங்கள். காலியான மைதானத்தில், வெயிலில், பத்துப் பதினைந்து பேர் பார்க்க நடக்கும். வேறு மாநிலங்களுக்கெல்லாம் ரயிலில் இரண்டு இரவு போய் ஆடிவிட்டு வருவாள். போன வருடம் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவள் இடத்துக்குப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். அவளும் இடது கை, அவளும் சுழற்பந்து. இந்த வருடம் ஆடி பிறந்ததும் தென்காசிக்கு வெளியே ஒரு மைதானத்தில் இரண்டு தேர்வு ஆட்டங்கள் வைத்திருந்தார்கள். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் பதினைந்து பெயர்களை வாசிப்பார்கள். சித்ராவுக்கு முப்பத்தொன்று. உடற்கல்வி ஆசிரியையாக அவள் வேலை பார்க்கும் பள்ளியில், இதுதான் கடைசி விடுப்பு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவளும் ஒரு முடிவோடுதான் கிளம்பினாள்.

"ஏக்கா, இந்தத் தடவை பேரு வரலைன்னா கிட் பேக்கைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். அப்புறம் யாரும் எங்கிட்ட கிரிக்கெட் பேசக் கூடாது" என்று மதுரை ஸ்டேஷனிலேயே சொன்னாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. அவளுக்குப் பதினாறு வயதில் மதுரையில் ஒரு பள்ளி மைதானத்தில் ஆட்டம். அப்பாவும் நானும் எல்லைக் கயிற்றோரம் நின்றிருந்தோம். அவள் போட்ட முதல் ஓவரை விளாசித் தள்ளிவிட்டார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டு விக்கெட். அப்பா நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். எந்த டிரைவரோடு எந்தக் கிழமை போனால் வண்டி மக்கர் பண்ணாது என்று ராசி பார்த்தே காலம் தள்ளியவர். "மாலா, நீ நிக்காதடி. நீ பாத்தா விழ மாட்டேங்குது" என்றார். அடுத்த ஆட்டத்திலும் அதே போல நடந்தது. அவ்வளவுதான், எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. பதற்றம் தாங்காமல் அப்பாவும் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அம்மா ஆட்டம் முடியும்வரை சாமி அறையை விட்டு வெளியே வருவதில்லை. பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாதென்று என்னைத் துணைக்கு அனுப்புவார்கள். நான் ஊர் வரை போகலாம், மைதானம் வரை போகலாம். அவள் கையில் பந்து வந்துவிட்டால் வெளியேறிவிட வேண்டும்.

வெளியேறி எங்கே போவது? ஊர் சுற்றினேன். சுற்றியதை எழுதினேன். அப்படி வந்ததுதான் இந்த வலைப்பூ. திண்டுக்கல் மலைக்கோட்டை, சேலத்து மாம்பழ மண்டி, தேனிச் சந்தை என்று நீங்கள் இங்கே படித்த பாதி ஊர்கள் என் தங்கை பந்து வீசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பார்த்தவை. அக்காளுக்கு ஊர் சுற்றும் ஆசை என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

மதுரையிலிருந்து தென்காசி சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர். காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும் செங்கோட்டை ரயிலில் ஏறினோம். முன்பதிவில்லாத பெட்டியில் ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள்தான் ஆனது. வலது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள், ராஜபாளையம் தாண்டியதும் மலை கூடவே வரும். நான் மலையைப் பார்க்கவில்லை, மலைமேல் இருந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். குற்றாலம் போகிறவர்கள் எல்லோரும் சாரல் வேண்டும் என்று கும்பிடுவார்கள். சுழற்பந்து போடுகிறவள் வீட்டில் சாரல் வேண்டாம் என்றுதான் கும்பிட வேண்டும். பந்து நனைந்தால் விரலில் பிடி நிற்காது, வழுக்கிக்கொண்டு போய் அடிக்கிறவளுக்கு வாகாக விழும். கடையநல்லூர் வரும்போது ஜன்னல் கம்பியில் முத்து முத்தாக ஈரம். பெட்டியில் இருந்த எல்லோரும் "ஆகா" என்றார்கள், எனக்கு அழுகை வந்தது.

பத்தரை வாக்கில் தென்காசியில் இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் முருகையா அண்ணாச்சி என்கிற ஆட்டோக்காரர் கிடைத்தார். மூன்று நாளும் அவர் வண்டிதான். இலஞ்சியில் மைதானத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தோம். வார நாள் என்பதால் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. சனி ஞாயிறு என்றால் இரண்டு மடங்கு சொல்வார்கள். ஸ்டேஷனிலிருந்து இலஞ்சிக்கு நூறு ரூபாய்.

"அண்ணாச்சி, மழை வருமா?" என்று ஏறியதும் கேட்டேன்.

"மழையா? இது மழை இல்லம்மா, சாரலு. இப்ப வரும், இப்ப போவும். ரெண்டு நாளைக்கு வராது, எழுதி வச்சுக்கிடுங்க. முப்பது வருசமா இங்கன வண்டி ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா?" என்றார். சொல்லி முடித்தபோது வைப்பரைப் போட்டார்.

மதியம் சித்ரா பயிற்சிக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வந்தாள். அறையில் இருந்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று ஐந்தருவிக்குக் கிளம்பினோம். சுமார் ஆறு கிலோமீட்டர், போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது. தண்ணீர் ஐந்து கிளையிலும் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. பெண்களுக்குத் தனிப் பக்கம் உண்டு, போலீஸ்காரம்மா விசிலோடு நிற்பார். உடை மாற்றும் அறை இருக்கிறது, ஆனால் தாழ்ப்பாளை நம்பாதீர்கள், ஒருவர் வெளியே நில்லுங்கள்.

சித்ரா குளிக்கும் முன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து இடது கையில் மணிக்கட்டு வரை மாட்டி, மேலே இரண்டு ரப்பர் பேண்டைச் சுற்றினாள். அவள் ஆள்காட்டி விரலில், பந்தைத் திருப்பித் திருப்பி, சின்னக் கொட்டைப் பாக்கு அளவுக்குக் காய்ப்பு உண்டு. ஆட்டத்துக்கு முதல் நாள் அது தண்ணீரில் ஊறிவிட்டால் மறுநாள் பிய்ந்து ரத்தம் வரும். வீட்டிலும் அந்த நாட்களில் பாத்திரம் தேய்க்க மாட்டாள். அருவிக்கு அடியில் போய், அந்தக் கையை மட்டும் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் குளித்த பெண் ஒருவர் பதறிப்போனார்.

"ஏட்டி, கை ஒடிஞ்சிட்டா? ஒடிஞ்ச கையோட அருவிக்கு யாரு கூட்டியாந்தா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து முறைத்தார். "நீங்கதான் கூட்டியாந்தியளா? கூறு இருக்கா?"

சித்ரா அருவிக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான். நானும் சிரித்தேன், ஆனால் கண் அந்தக் கவர் மேலேயே இருந்தது. ரப்பர் பேண்ட் நழுவுகிறதோ என்று பத்துத் தடவை பார்த்தேன்.

மறுநாள் முதல் ஆட்டம், ஒன்பதரைக்கு. அவளை மைதானத்தில் விட்டுவிட்டு வழக்கம் போலக் கிளம்பினேன். தென்காசி பேருந்து நிலையத்திலிருந்து சுரண்டை போகும் வழியில் சுந்தரபாண்டியபுரம், பத்து கிலோமீட்டருக்குள். ஆடியில் சூரியகாந்தி பூத்திருக்கும். படம் எடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மஞ்சள் வயல், பின்னால் நீல மலை, நல்ல வெளிச்சம். எடுத்த எல்லாப் படத்திலும் மலை கோணலாக இருக்கிறது. போனில் ஸ்கோர் பார்க்கலாம், நிறையப் பேர் பார்க்கிறார்கள். ஆனால் போனில் பார்ப்பதும் பார்ப்பதுதானே என்று அப்பா அதற்கும் தடை போட்டிருந்தார். நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பத்தாவது ஓவர் இருக்குமா, இப்போது கொடுத்திருப்பார்களா, இப்போது அடிக்கிறார்களா.

வயலுக்குச் சொந்தக்கார அம்மா ஒருவர் வரப்பில் நின்று, படம் எடுக்க வந்தவர்களிடம் ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். கூடவே வசவும் இலவசமாகக் கிடைத்தது. "ஏலே, வரப்புல நட. செடிய மிதிச்சா தோலை உரிச்சிருவேன்" என்று ஒரு பையனை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன, இருவது ரூவா குடுத்துட்டுப் பூவையும் பாக்காம போனையே பாத்துக்கிட்டு நிக்க?"

தங்கைக்கு ஆட்டம் நடக்கிறது என்று சொன்னேன்.

"எங்கன?"

"இலஞ்சிப் பக்கம்."

"தங்கச்சி அங்கன வெளையாடுதா. நீ இங்கன என்ன செய்யுத?"

ராசி விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பூப் பார்க்க வந்தேன் என்று சொல்லி வைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த காரிடம் காசு வாங்கப் போய்விட்டார்.

இரண்டரை மணிக்கு மைதானத்துக்குத் திரும்பினேன். சித்ரா வேலியோரம் ஐஸ் பையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எட்டு ஓவர், நாற்பத்தொரு ரன், ஒரு விக்கெட். அவள் இடத்துக்கு வந்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு மூன்று விக்கெட். "நல்லாத்தான் போட்டேன்" என்றாள். நல்லாத்தான் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரவு இந்தப் பக்கம் பேர்போன பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கி வந்தேன், நூற்றெண்பது ரூபாய்க்கு இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். இருவரும் பாதியை வைத்துவிட்டோம். அந்தப் பரோட்டாவை மிச்சம் வைத்தவர்கள் தென்காசி வரலாற்றிலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை மைதானத்து வாசலில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் அன்றைக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தென்காசிப் பெரிய கோயிலுக்குப் போனால் கோபுர வாசல் காற்றை வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டிவிடலாம் என்று சொன்னேன்.

"எங்கிட்டும் போக வேணாம். இன்னைக்கு உக்காந்து பாரு" என்றாள் சித்ரா, இட்லியைப் பிய்த்துக்கொண்டே.

எனக்குக் கை நின்றுவிட்டது. "விளையாடாத. இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

"ஏண்டி, இத்தனை வருஷம் பாக்காம இருந்துட்டு, பேரு வாசிக்கிற அன்னைக்குப் பாக்கச் சொல்றியே. ஏதாவது ஆயிருச்சுன்னா? அப்பா என்னைய உயிரோட விடுவாரா?"

"அக்கா, போன வருஷம் பூரா நீ ஒரு பந்து பாத்தியா?"

"இல்ல."

"என்னைய டீம்ல இருந்து எடுத்தாங்கள்ல? நேத்து நீ பாத்தியா? என்ன கிழிச்சேன்?" தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதுதான் கடைசின்னா, நான் எப்படிப் போடுவேன்னு நம்ம வீட்டுல ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கட்டும். அவ்வளவுதான். நீ பாட்டுக்கு உக்காரு."

மறுக்க முடியவில்லை. சம்மதித்துவிட்டேன். அவள் பெயர் வராமல் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று இனி எத்தனை வருடம் தூங்காமல் கிடக்கப் போகிறேனோ என்று பயந்தேன். அவளுக்காகப் பயந்ததைவிட எனக்காகப் பயந்ததுதான் அதிகம். அதையும் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

வேலியோரம் சாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எங்களுக்கு நாற்பதடி தள்ளித் தேர்வாளர்கள் மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் கடையநல்லூர்க்கார அம்மா ஒருவர், மடியில் முறுக்குச் சம்படம். சித்ரா அணியின் விக்கெட் கீப்பர் அவர் மகள். அவருக்கும் என்னைப் போலவே உதறல், ஆனால் அவர் வாய் ஓயாமல் பேசி அதைத் தீர்த்துக்கொள்கிற ரகம்.

"மவ கீப்பராக்கும். ஒரு பந்து விட்டுட்டான்னா ரெண்டு நாளைக்குச் சோறு திங்க மாட்டேங்குதா. ஒங்க பிள்ளையா?"

"தங்கச்சி."

"அதானே. முறுக்கு எடுத்துக்கிடுங்க."

காலையில் சாரல் பெய்ததால் ஆட்டத்தை முப்பது ஓவராகக் குறைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஆறு ஓவர்தான் போடலாம். பத்து ஓவர் போயிற்று, பதினைந்து போயிற்று, கேப்டன் சித்ராவைக் கூப்பிடவில்லை. பந்து ஈரம், வேகமாகப் போடுகிறவர்களே போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்ரா எல்லையில் நின்றபடி இடது கையை அக்குளில் வைத்துச் சூடுபடுத்திக்கொண்டிருந்தாள். கடைசிவரை கூப்பிடாமலே விட்டுவிடுவார்களோ என்று ஓவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவது ஓவருக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து ஓடிவிட வேண்டும் என்று கால் தானாகத் துடித்தது, பழக்கதோஷம்.

எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த சித்ரா மெதுவாக நடப்பாள், எதையாவது இடித்துக்கொள்வாள், சேலைக் கடையில் இரண்டு மணி நேரம் முடிவெடுக்காமல் நிற்பாள். அங்கே பந்தைக் கையில் வாங்கியவளுக்கு அந்தச் சாயலே இல்லை. ஒருத்தியை இடதுபக்கம் போ என்றாள், இன்னொருத்தியை முன்னால் வா என்றாள், எல்லாம் ஒரு விரல் அசைவில். ஆறே எட்டு வைத்து ஓடி, நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, கை காதை உரசிக்கொண்டு மேலே போகிறது. பந்து கிளம்பும்போது 'சுர்' என்று ஒரு சத்தம் வரும் என்று அவளோடு ஆடும் பிள்ளைகள் சொல்வார்கள். நான் உட்கார்ந்த இடத்துக்குக் கேட்கவில்லை. கேட்ட மாதிரி இருந்தது. முதல் ஓவரில் இரண்டே ரன். என் உள்ளங்கை முழுக்க முறுக்குத் தூள்.

இரண்டாவது ஓவரில் மலையிலிருந்து சாரல் இறங்கியது. இடுப்பில் செருகியிருந்த துண்டால் பந்தைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். நாலாவது பந்து கையிலிருந்து வழுக்கி நேராக மட்டைக்குப் போய், அங்கிருந்து எங்கள் சாமியானாவைத் தாண்டி விழுந்தது. ஆறு ரன். நான் எழுந்துவிட்டேன். வாசலைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க போறிய? இருங்க, இருங்க. அங்கன பாருங்க, ஒங்களத்தான் பாக்குதா" என்றார் கடையநல்லூர் அம்மா.

திரும்பினேன். சித்ரா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடாமல், என்னைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினாள். நடுவர் அவளைப் பார்த்தார், அடிக்க நின்ற பெண்ணும் திரும்பி என்னைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் அவள் ஓடினாள்.

மூன்றாவது ஓவரில் ஒரு கேட்ச் உயரமாகப் போனது. பிடிக்க வேண்டியவள் ஈரத்தில் சறுக்கி விட்டுவிட்டாள். நான் கண்ணை மூடவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நாலாவது ஓவருக்குச் சாரல் விட்டு வெயில் அடித்தது. இரண்டாவது பந்து. அது காலுக்கு நேராக, மெதுவாக, மேலேயிருந்து இறங்கியது. அடிக்கிறவள் ஒரு காலை முன்னால் வைத்து நன்றாகக் குனிந்துவிட்டாள். எளிதான பந்து என்றுதான் நானும் நினைத்தேன். மண்ணைத் தொட்டதும் அது மறுபக்கம் போய்விட்டது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிய மாதிரி. மட்டையைத் தாண்டி, ஸ்டம்பை ஒரு நூலிழையில் விட்டு, பின்னாலிருந்த கீப்பரின் கையையும் தாண்டி, எல்லைக் கயிறு வரை உருண்டு போயிற்று. அடிக்கிறவள் கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாத்தே, எம் மவளும் ஏமாந்துட்டா. இப்படியா திரும்பும்?" என்றார் கடையநல்லூர் அம்மா, பாதி பெருமையும் பாதி வருத்தமுமாக.

நாலு ரன் கொடுத்தார்கள், பைஸ் கணக்கில். அது அடித்தவள் கணக்கிலும் சேராது, போட்டவள் கணக்கிலும் சேராது. தேர்வாளர் மேசையைப் பார்த்தேன். ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், ஒருவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் பார்த்தார் என்றே நினைக்கிறேன். எதுவும் எழுதவில்லை.

ஆறு ஓவர், இருபத்திரண்டு ரன், விக்கெட் இல்லை. நாலு மணிக்கு எல்லாப் பெண்களையும் வரிசையாக உட்கார வைத்துப் பெயர் வாசித்தார்கள். கீப்பர் பெண்ணின் பெயர் வந்தது, அந்த அம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் வந்தது. பதினைந்து பெயர் முடிந்தது. எல்லோருக்கும் கைதட்டச் சொன்னார்கள், சித்ராவும் தட்டினாள். பிறகு எழுந்து அந்தச் சின்னப் பெண்ணிடம் போய், அவள் விரலைப் பிடித்துப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மீதியைச் சொல்லும் முன், இந்த ஊருக்குப் போகப் போகிறவர்களுக்கு. ஆனி நடுவிலிருந்து ஆவணி வரை போகலாம். சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள், குற்றாலம் மெயின் அருவியில் நிற்க இடம் இருக்காது. ஐந்தருவிக்கு விடியற்காலையில் போனால் நிம்மதியாகக் குளிக்கலாம். தண்ணீர் கூடிவிட்டால் தடை போட்டுவிடுவார்கள், கிளம்பும் முன் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்கு முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், மழையைப் பற்றி மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கும்போது ஒன்றை உரித்துப் பார்த்து வாங்குங்கள். சுந்தரபாண்டியபுரத்தில் வரப்பில் நடங்கள். குடையை விடத் துண்டு உபயோகப்படும், இரண்டாக எடுத்துப் போங்கள். மூன்று நாளுக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஐயாயிரத்து ஐந்நூறு ஆனது. மைதானத்தில் ஆட்டம் பார்க்கக் காசு கிடையாது. அதை நான் இந்தமுறைதான் தெரிந்துகொண்டேன்.

மாலை ரயிலைத் தவறவிட்டு, மதுரைப் பேருந்தில் ஏறினோம். சித்ரா ஜன்னலோரம். கிட் பேக் எங்கள் காலடியில். அவள் அழவில்லை. அவளைத் தொடவே பயமாக இருந்தது. புளியங்குடி தாண்டும்போது அப்பா கூப்பிட்டார். எடுக்காமல் விடலாமா என்று பார்த்தேன். சித்ராவே போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேரு வந்துச்சா?"

"வரலப்பா."

"எத்தனை விக்கெட்டு?"

"இன்னைக்கு இல்ல."

"நீ எங்கிட்டு இருந்த?"

இந்தக் கேள்விக்குத்தான் காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போயிருந்தேன் என்று பொய் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.

"மைதானத்துலதான்ப்பா. உக்காந்து பாத்தேன். ஆறு ஓவரும் பாத்தேன்."

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. வசவுக்குத் தயாராகக் கண்ணை இடுக்கிக்கொண்டேன்.

"எப்படிடீ போடுறா?" என்றார் அப்பா.

ஆறு எட்டு ஓடுவாள்ப்பா என்றேன். நாக்கைக் கடிச்சுக்குவா. கையைக் காட்டினா அத்தனை பிள்ளைகளும் நகருதுக. அப்புறம் நாலாவது ஓவர், ரெண்டாவது பந்தைச் சொன்னேன். காலுக்கு நேராக இறங்கியதை, மண்ணைத் தொட்டதும் திரும்பியதை, அடிக்கிறவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை எல்லாம் எனக்குத் தெரிந்த சொல்லில் சொன்னேன். அப்பா "அம்புட்டுத் தூரமா திரும்புச்சு?" என்றார். ஆமாம் என்றேன். "அம்புட்டுத் தூரமா?" என்று மறுபடி கேட்டார்.

சித்ரா வெளியே பார்த்தபடியே என் முழங்கையை இடித்தாள்.

"கீப்பரும் விட்டுட்டாள்ல, அதையும் சொல்லு."